உயில் எழுதியவர் பச்சையப்பர். கணக்குக் கேட்டது கோர்ட்டு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, "சார், கேன்டீன், ஹாஸ்டல், கிரிக்கெட் எல்லாம் மத்தவங்க எழுதிட்டாங்க. நீங்க சரித்திரம் படிச்சவர், வக்கீலாவும் இருக்கீங்க. அதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார்கள். சரித்திரமும் சட்டமும் சந்திக்கிற இடத்தைத் தேடி நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. சேத்துப்பட்டில் நாமெல்லாம் உட்கார்ந்து எழுந்த வகுப்பறையே அந்த இடம்தான்.

நம் கல்லூரியைத் தந்தவர் யார் என்று கேட்டால், முதலாண்டு மாணவன்கூட "வள்ளல் பச்சையப்ப முதலியார்" என்று பட்டென்று சொல்லிவிடுவான். சரிதான். ஆனால் அவர் காலமானது 1794-ஆம் ஆண்டு. நம் கல்லூரிக்கு வித்தான பள்ளிக்கூடம் தொடங்கியது 1842-ஆம் ஆண்டு. இடையிலே 48 ஆண்டுகள்! ஒரு மனிதர் உயில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். அவருடைய பணம் ஒரு மாணவன் கையில் புத்தகமாக வந்து சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த 48 வருஷக் கதைதான் இந்தக் கட்டுரையின் பொருள். அதோடு சேர்த்து, பொது அறக்கட்டளைகளை நீதிமன்றங்கள் எப்படி மேற்பார்க்கின்றன என்பதையும் சொல்லப் பார்க்கிறேன். சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முடிந்தவரை எளிமையாகவே சொல்கிறேன்.

பெரியபாளையத்துப் பிள்ளை

பச்சையப்பர் 1754-ல் பெரியபாளையத்தில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே தந்தையார் விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். ஆதரவில்லாத தாயும் பிள்ளைகளும் சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் தாங்கிப் பிடித்தவர் பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷி. வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் நம் ஊர் ஜனங்களுக்கும் நடுவே மொழிபெயர்த்து, பேரம் பேசி, பொறுப்பேற்றுக் காரியம் முடித்துக் கொடுப்பவர்தான் துபாஷி. அந்தத் தொழிலையே பச்சையப்பரும் கற்றுக்கொண்டு, சின்ன வயசிலேயே பெரும் பொருள் ஈட்டினார். தஞ்சாவூர் அரசு வரை அவருடைய கொடுக்கல் வாங்கல் விரிந்திருந்தது.

1794 மார்ச் மாதம் உடல்நலம் குன்றிய நிலையில் உயில் எழுதினார். அதே மாதம் 31-ஆம் தேதி திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான்.

உயிலில் அவர் அக்கறை எல்லாம் சிவன் கோயில்களிலும், பூசையிலும், ஏழை எளியவர்களுக்கான தர்மத்திலும் இருந்தது. கல்லூரி கட்டச் சொல்லி அவர் எழுதவில்லை. 1794-ல் சென்னையிலே அப்படி ஒரு எண்ணம் யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

கைமாறிய சொத்து

உயில் எழுதுவது சுலபம். அதை நிறைவேற்றுவது யார்? எழுதியவர் இல்லை. பயன் பெற வேண்டியவர்களோ ஊர் பேர் தெரியாத ஏழைகள். நடுவிலே பணத்தை வைத்திருப்பவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். தனி மனிதனுக்குச் சேர வேண்டிய பாகம் வராவிட்டால் அவன் வாசலில் வந்து சத்தம் போடுவான். தர்மத்துக்குச் சேர வேண்டிய பாகம் வராவிட்டால் சத்தம் போட ஆளே கிடையாது. எல்லாப் பொது அறக்கட்டளைகளுக்கும் உள்ள பலவீனம் இதுதான்.

பச்சையப்பர் விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. சொத்து கைமாறியது. தகராறுகளும் வழக்குகளும் வளர்ந்தன. உயிலில் சொன்ன தர்மங்கள் சொன்னபடி நடக்கவில்லை.

அதே சமயம் சென்னையில் நீதிமன்றங்களும் மாறிக்கொண்டிருந்தன. பச்சையப்பர் இறந்தபோது பட்டணத்தில் இருந்தது 1726-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி அமைந்த மேயர் கோர்ட். 1798-ல் அது போய் ரெக்கார்டர் கோர்ட் வந்தது. 1801-ல் அதுவும் போய் மதராஸ் சுப்ரீம் கோர்ட் வந்தது. (டெல்லியில் இருக்கிற இன்றைய உச்ச நீதிமன்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இங்கிலாந்தில் சான்சரி நீதிமன்றம் தர்ம சொத்துக்களுக்குக் காவலாக இருந்ததுபோல, இங்கே அந்த வேலையை இந்த சுப்ரீம் கோர்ட் செய்தது. கேட்பாரில்லாத தர்மத்துக்காக அரசு சார்பில் கேட்க வேண்டியவர் அட்வகேட் ஜெனரல்.

அப்படிக் கேட்டவர் சர் ஹெர்பர்ட் காம்ப்டன். உறங்கிக் கிடந்த உயிலை அவர்தான் நீதிமன்றத்தின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் அட்வகேட் ஜெனரலாக வந்த ஜார்ஜ் நார்ட்டன் அந்த வேலையை விடாமல் தொடர்ந்தார். 1832-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கோர்ட் முதலில் கேட்டது கணக்கு. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, யார் கையில் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தபோது, உயிலில் சொன்ன கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போகவும் பெரும் தொகை மிஞ்சி நின்றது. இத்தனை வருஷம் தர்மம் நடக்காமல் போனதால் வட்டி ஏறிக் கிடந்த பணம் அது. தர்மம் தடைப்பட்டதே கல்விக்கு முதலாக வந்து சேர்ந்தது, பாருங்கள்!

மிச்சப் பணமும் ஒரு பழைய கொள்கையும்

மிஞ்சிய பணத்தை என்ன செய்வது? உறவினர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாமா? கூடாது; அது தர்மத்துக்கென்று விடப்பட்ட சொத்து. சர்க்கார் கஜானாவில் சேர்க்கலாமா? அதுவும் கூடாது. இந்த மாதிரி இக்கட்டில் கைகொடுப்பதுதான் சை-ப்ரே என்ற சட்டக் கொள்கை. பழைய பிரெஞ்சுச் சொல். 'முடிந்தவரை கிட்டத்தில்' என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். தர்மம் செய்தவர் சொன்னதை அப்படியே செய்ய முடியாமல் போனாலோ, செய்தும் பணம் மிஞ்சினாலோ, அவர் மனசுக்கு எது பக்கத்தில் இருக்குமோ அந்தக் காரியத்துக்கு நீதிமன்றம் அதைத் திருப்பிவிடலாம்.

நம் விஷயத்தில் அந்தக் காரியம் கல்வி என்று முடிவாயிற்று. ஏழை இந்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதும் பச்சையப்பர் விரும்பிய தர்மத்தின் வழியில்தான் இருக்கிறது என்று கொள்ளப்பட்டது. ஆகவேதான் சொல்கிறேன்: பணம் கொடுத்தவர் பச்சையப்பர், அதைக் கல்விப் பணமாக மாற்றியது நீதிமன்றம். நம் கல்லூரிக்கு ஒரு தகப்பனார்தான், ஆனால் பெயர் சூட்டி வளர்த்தவர்கள் கறுப்பு அங்கிக்காரர்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் பத்து வருஷம் பொறுக்க வேண்டியிருந்தது. 1842-ல் பச்சையப்பன் மத்தியப் பள்ளி பிராட்வேயில் தொடங்கியது. 1846-ல் எஸ்பிளனேடில் (இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை) பச்சையப்பன் மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாட்டியவர் நார்ட்டன் துரைதான். 1850-ல் கட்டடம் திறக்கப்பட்டது. கிரேக்கக் கோயில் மாதிரி பருத்த தூண்களோடு இன்றும் நிற்கிற அதைப் பார்க்காதவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே ஒரு வேடிக்கை. மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சிவப்பு ஹைகோர்ட் கட்டடம் திறக்கப்பட்டது 1892-ல்தான். கோர்ட்டு பெற்ற பிள்ளை, கோர்ட்டுக்கு முன்னாலேயே அந்தப் பேட்டையில் குடியேறிவிட்டது!

1889-ல் பள்ளி முழுக் கல்லூரியாக உயர்ந்தது. 1940-ல் சேத்துப்பட்டுக்கு வந்தது. கணித மேதை ராமானுஜன் கொஞ்ச காலம் நம் கல்லூரியில் படித்தார்; அறிஞர் அண்ணா நம் கல்லூரி மாணவர். இதெல்லாம் நீங்கள் அறிந்ததே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறக்கட்டளை இந்துக்களுக்கானது என்று கொள்ளப்பட்டதால், 1947 வரை மற்ற மதத்து மாணவர்களுக்கு நம் கல்லூரியில் இடம் கிடையாது. தர்மம் செய்தவருடைய காலத்து எல்லையைக் காவல்காரனும் சேர்த்தே காக்கிறான். காவலில் இருக்கிற நன்மையும் அதுதான், குறையும் அதுதான். எதைக் காப்பது, எதை மாற்றுவது என்று ஒவ்வொரு தலைமுறையும் திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாபத்திலிருந்து சம்மன் வரை

நம் கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, தமிழ்நாட்டுப் பொதுக் கதையைப் பார்ப்போம். கோர்ட்டு வருவதற்கு முன் தர்மத்துக்குக் காவல் யார்? கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். நிலம் விட்டவன் கடைசியில் இரண்டு வாசகம் சேர்ப்பான். இந்த அறத்தைக் காப்பவன் காலடி என் தலைமேல் என்று ஒரு வணக்கம். அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு சாபம். சபையும் ஊரும் அரசனுடைய அதிகாரிகளும் கணக்குப் பார்த்ததுண்டு. ஆனால் அரசு மாறினாலும் மாறாமல் நின்றது அந்தச் சாபம்தான்.

கம்பெனி ஆட்சியில் சாபத்தின் இடத்தில் கலெக்டர் வந்தார். 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ரெகுலேஷன்படி கோயில், மசூதி, பாலம், சத்திரம் முதலியவற்றுக்கு விட்ட சொத்துக்களை மேற்பார்க்கும் பொறுப்பு ரெவின்யூ போர்டுக்கு வந்தது. பிறகு, கிறிஸ்தவ அரசாங்கம் கோயில் கணக்கைப் பார்ப்பதா என்று மிஷனரிகள் எதிர்த்தார்கள். கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துக்கொண்டது. 1863-ஆம் ஆண்டின் 20-ஆவது சட்டம் அந்த விலகலை முழுமையாக்கி, கோயில்களை உள்ளூர்க் கமிட்டிகளிடம் விட்டது. அக்கறையுள்ளவர்கள் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்ற வழியை மட்டும் திறந்து வைத்தது. கலெக்டர் போனார், சம்மன் வந்தது.

திருப்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1843-லிருந்து தேவஸ்தான நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் கையில் இருந்தது. அந்த நிர்வாகத்தின் மேல் வழக்கு வந்து, கோர்ட்டு ஒரு நிர்வாகத் திட்டம் வகுத்து, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1907-ல் தீர்ப்பாயிற்று. 1933-ல்தான் தனிச் சட்டம் வந்தது. ஏழுமலையானுக்கே கோர்ட்டுதான் கணக்கு கேட்க வேண்டியிருந்தது என்றால் மற்ற தர்மங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா!

1920-களில் வந்த இந்து சமய அறநிலையச் சட்டம் கோயில்களை ஒரு போர்டின் கீழ் கொண்டுவந்தது. அது வளர்ந்து இன்று 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறநிலையத் துறையாக நிற்கிறது. கோயில் விவகாரம் பெரும்பாலும் அந்தத் துறைக்குப் போய்விட்டது. ஆனால் கல்வி, மருத்துவம், ஏழை நிவாரணம் போன்ற பொது அறக்கட்டளைகளுக்கு, மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் ஒரு சாரிட்டி கமிஷனர் இங்கே கிடையாது. நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்கு இன்றும் கடைசிக் காவல் கோர்ட்டுதான்.

இரண்டு பேர் போதும்

அந்தக் காவலின் சாவி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் இருக்கிறது. 1877 சட்டத்தில் 539-ஆவது பிரிவாக இருந்தது, 1908-ல் 92 ஆயிற்று. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: பொது அறக்கட்டளையில் நம்பிக்கைத் துரோகம் நடந்திருந்தாலோ, நிர்வாகத்துக்கு நீதிமன்றத்தின் வழிகாட்டல் தேவைப்பட்டாலோ, அட்வகேட் ஜெனரல் வழக்குப் போடலாம், அல்லது அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குப் போடலாம்.

நீதிமன்றம் என்ன செய்யும்? தப்பு செய்த அறங்காவலரை நீக்கும். புதியவரை நியமிக்கும். சொத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லும். கணக்குக் கேட்கும். சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ அனுமதி தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஸ்கீம்' என்கிற நிர்வாகத் திட்டத்தை வகுத்துக் கொடுக்கும். அறங்காவலர்கள் எத்தனை பேர், எப்படி வருவார்கள், எத்தனை வருஷம் இருப்பார்கள், பணத்தை எங்கே போடலாம், கணக்கை யார் தணிக்கை செய்வது எல்லாம் அதில் இருக்கும். நாட்டுக்கு அரசியல் சட்டம் எப்படியோ, அறக்கட்டளைக்கு ஸ்கீம் அப்படி. காலம் மாறினால் திட்டத்தையும் மாற்றித் தரச் சொல்லித் திரும்பக் கோர்ட்டுக்குப் போகலாம்.

இரண்டு பேர் என்றால் யார் வேண்டுமானாலும் போய்விட முடியுமா? முடியாது. வெறும் இந்து என்பதால் மட்டும் எங்கோ இருக்கிற ஒரு கோயிலின் மேல் வழக்குப் போட முடியாது, உண்மையான அக்கறை வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் 1919-ல் முழு அமர்வில் சொன்னது. முன்பெல்லாம் தனி மனிதர்கள் வழக்குப் போட அட்வகேட் ஜெனரலின் சம்மதம் வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை மாற்றி, நீதிமன்றத்தின் அனுமதியாக ஆக்கினார்கள். தன் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1974-ல் தெளிவாக்கியது. அனுமதி தருமுன் எதிர்த் தரப்புக்கும் நோட்டீஸ் கொடுப்பதுதான் நல்ல முறை என்று பின்னர் சொன்னது. நல்ல அறங்காவலரை வீண் வழக்கிலிருந்து காப்பதும் தர்மத்தைக் காப்பதில் சேர்ந்ததுதானே?

கோர்ட்டால் ஆகாதது

"அப்போ எல்லாத்தையும் கோர்ட்டே பாத்துக்கும், நமக்கென்ன?" என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. வக்கீல் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலாவது, கோர்ட்டு தாமதம். வாய்தா மேல் வாய்தா. நம்முடைய கதையிலேயே உயிலுக்கும் தீர்ப்புக்கும் இடையில் 38 வருஷம். அந்த 38 வருஷத்தில் படிக்க வேண்டிய பிள்ளைகள் படிக்காமலே வளர்ந்து, கிழவர்களாகி, போய்ச் சேர்ந்தார்கள். எந்தத் தீர்ப்பும் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்துத் தர முடியவில்லை.

இரண்டாவது, செலவு. தர்மத்துக்காக நடக்கிற வழக்கின் செலவு பல நேரம் தர்மத்தின் பணத்திலிருந்தே போகிறது.

மூன்றாவது, நீதிபதி பள்ளிக்கூடம் நடத்தப் பயின்றவர் அல்ல. நிர்வாகம் சிக்கலாகும்போது ஓய்வுபெற்ற நீதிபதியை இடைக்கால நிர்வாகியாக நியமிப்பது வழக்கம்; நம் அறக்கட்டளையிலும் அண்மைக் காலத்தில் ஹைகோர்ட் அப்படி நியமித்தது. அது காய்ச்சலுக்கு மருந்து மாதிரி. மருந்தையே சாப்பாடாக வைத்துக்கொள்ள முடியாது. ஆசிரியர் நியமனம், ஆய்வுக்கூடம், கழிவறை, நூலகம் என்று அன்றாடம் ஆயிரம் வேலை இருக்கிறது. அதையெல்லாம் பொறுப்புள்ள அறங்காவலர்கள்தான் பார்த்தாக வேண்டும்.

நான்காவது, இதுதான் முக்கியமானது: கோர்ட்டு தானாக எழுந்து வராது. அது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். யாராவது ஒருவர் உயிலையும் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு படியேற வேண்டும். 1794-க்கும் 1832-க்கும் இடையில் சென்னையில் கோர்ட்டு இல்லாமலா இருந்தது? மூன்று கோர்ட்டு இருந்தது! கேட்கிற ஆள்தான் இல்லை. காம்ப்டன் கேட்டார், நார்ட்டன் கேட்டார். அதனால் நாம் படித்தோம்.

'தர்மம் தலைகாக்கும்' என்பது நம் பழமொழி. தர்மத்தின் தலையை யார் காப்பது என்ற கேள்விக்குப் பழமொழி பதில் சொல்லவில்லை. சட்டம் சொல்கிறது: அக்கறையுள்ள இரண்டு பேர்.

அதனால் இளைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அறக்கட்டளையின் ஸ்கீம் என்ன சொல்கிறது என்று ஒரு தடவையாவது படியுங்கள். சரித்திர மாணவர்கள் அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதலாம். 1832 தீர்ப்பிலிருந்து இன்றுவரை வந்த ஆணைகளை வரிசைப்படுத்தினால், நம் கல்லூரிக்கு அதைவிட நல்ல வரலாறு வேறு இருக்க முடியாது. முன்னாள் மாணவர் சங்கத்து நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு நாள் கூடி விருந்து சாப்பிடுவது நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. அதே நாளில் அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கை மரியாதையாகக் கேட்டு வாங்கி, பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து பார்த்தால் என்ன? சண்டைக்காக அல்ல. கணக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதித் தவறு நடக்காது. கோர்ட்டுப் படி ஏற வேண்டிய அவசியமும் வராது.

பச்சையப்பருக்கு நம் முகம் தெரியாது. நமக்கு முன்னால் படித்தவர்களையும் இனிமேல் படிக்கப் போகிறவர்களையும் அவருக்குத் தெரியாது. தெரியாத பிள்ளைகளுக்காக அவர் விட்டுப்போன சொத்து இது. நமக்கும் முகம் தெரியாத அடுத்த தலைமுறைக்காக அதைப் பார்த்துக்கொள்வது நம் முறை.

வாழ்க பச்சையப்பர் புகழ்! வளர்க நம் கல்லூரி!